குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்

யுத்தகாலத்தில் நூல் கிடைக்காமல் சேலத்துத் தறிகள் பலவும் நின்றுபோயிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டிலும் அப்பாவின் தறி சும்மாதான் கிடந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ராசிபுரம். அந்தச் சமயத்தில்தான் நான் சினிமாவில் நடிக்கப் போனேன்.

நடிப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. ராஜகுமாரி ஒருத்தி காட்டுவாசிகளிடம் சிக்கிக்கொள்கிற கதை. கூட்டத்தில் நிற்பதற்கு ஆள் தேடி ஒரு ஏஜெண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். சிவப்பாக இருந்த பெண்களை எல்லாம் ராஜகுமாரியின் தோழிகள் என்று ஒரு பக்கமாக நிறுத்தினார். என்னைப் பார்த்ததும் யோசிக்கக்கூட இல்லை. "இது காட்டுக் கூட்டத்துக்கு" என்றார்.

சினிமாவில் தலைகாட்டும் பெண்ணைக் குடும்பப் பெண்ணாக யாரும் மதிக்காத காலம். அப்பா முடியவே முடியாது என்றுதான் சொன்னார். முகம் முழுக்கக் கரி பூசிவிடுவோம், பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது என்று ஏஜெண்டு சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே. "வெளிய மூச்சு விட்றாத கண்ணு" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

படப்பிடிப்புக்கு நிஜமான மலைவாசிகளும் வேண்டும் என்று மேலே இருந்து சிலரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். சேலையை ஒழுங்காகக் கட்டி, எண்ணெய் வைத்து வாரிக் கொண்டை போட்டு, விசேஷ வீட்டுக்கு வருகிறவள் மாதிரி வந்திருந்தாள். வந்ததும் அந்தக் கொண்டையை அவிழ்த்துத் தலையில் மண்ணைத் தூவினார்கள். சேலையை வாங்கிக்கொண்டு, புலித்தோல் மாதிரி வர்ணம் அடித்த சாக்கைக் கொடுத்தார்கள். அவள் நிறமும் போதவில்லையாம். எண்ணெயில் குழைத்த கரியை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துப் பூசினார்கள்.

டைரக்டர் அவளிடம், வாயைப் பிளந்து ஊ ஊ என்று கத்தச் சொன்னார். அவள் கத்தவில்லை.

"எங்களுக்குப் பேச்சு இருக்குதுங்க சாமி. நாங்களும் தமிழுதான் பேசறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார்: "நீ சொல்றது நிஜமா இருக்கலாம்மா. ஆனா காட்டுவாசி தமிழ் பேசினா ஜனங்க நம்ப மாட்டாங்க."

பிறகு ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஓட வேண்டும். எதற்கு ஓடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்டுப் பார்த்தாள். "ஓடு, போதும்" என்றார்கள். குழந்தை அவள் கரி முகத்தைப் பார்த்து வீறிட்டது. அதை ஓரமாகத் தூக்கிப் போய், மடியில் போட்டு ஏதோ பாடித் தூங்கவைத்தாள். தூங்கும்போது படம் பிடித்தால் உதவாது என்று எழுப்பிவிட்டார்கள். அழுகிற குழந்தையின் தலையை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, கல்லில் இடறிவிடாமல் அவள் ஓடினாள்.

படம் சூரமங்கலத்துக் கொட்டகைக்கு வந்தபோது தெருப் பெண்களோடு நானும் போனேன். என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. அவளை மட்டும் எனக்குத் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அடுத்த காட்சியில் ஒரு பலிபீடம், அதில் அதே குழந்தை, மேலே ஓங்கிய கத்தி. அந்தப் பலிபீடத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அதை வேறெங்கோ எடுத்து இதோடு ஒட்டியிருந்தார்கள். தலையை அணைத்த அந்தக் கை திரையில் கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மலையிலிருந்து சாமான் விற்க வருகிறவர்களைக் கண்டால் பிள்ளைகள் ஊ ஊ என்று கத்த ஆரம்பித்தன. கல் எறிந்தன. பெரியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒருநாள் காலையில் சந்தைக்குப் போயிருந்தேன். புளி மண்டிப் பக்கம் ஒரே கூச்சல். யாரோ ஒரு அம்மாளின் பெண் குழந்தையைக் காணோமாம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தால், வண்டிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள், படப்பிடிப்பில் என் பக்கத்தில் நின்ற அவளை. அவள் கொண்டுவந்த கமலா ஆரஞ்சுப் பழங்கள் காலடியில் நசுங்கிக் கிடந்தன. ஒரு காது கிழிந்து ரத்தம் தோளில் வழிந்தது.

"சொல்லுடி, எங்க வெச்சிருக்கறே?"

"பலி குடுக்கறவளுக்கு என்னய்யா கேள்வி? போடு இன்னொண்ணு!"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. நடுவில் போய் நின்றுகொண்டேன். "உட்டுருங்க. அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க. அது சினிமாங்க. சும்மா ஓடச் சொன்னாங்க, ஓடினாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் அதுல ஆடினேனுங்க. அவங்க பக்கத்துல நின்னது நான்தான்."

கூட்டம் என்னை ஏற இறங்கப் பார்த்தது. நம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒருவன் சிரித்தான். "ஓ, நீ சினிமாக்காரியா?" என்றான். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத முடியாது. ஒருவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் ஆடிக் காட்டச் சொன்னான். என்னைப் பார்க்கத் திரும்பியதில் அவளை அடிப்பது மட்டும் நின்றது. கூட்டத்தில், எனக்கு மாமனாராக வரவேண்டியவரின் தம்பியும் இருந்தார். நூல் விசாரிக்க வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் காணாமல்போன குழந்தை வந்தது. அதன் தாய்மாமன் தோளில் உட்கார்ந்து, கையில் கரும்போடு வந்தது. அக்காவிடம் சொல்லாமல் ரிப்பன் வாங்கித் தரக் கூட்டிப் போனாராம். அந்த அம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு அழுதாள். கூட்டம் தானாகக் கலைந்தது. கட்டை அவிழ்த்துவிடக்கூட ஒருவரும் நிற்கவில்லை. நான்தான் அவிழ்த்தேன். அடித்தவர்களில் ஒருவர் போகிற போக்கில், "முழிச்ச முழி அப்படி இருந்துச்சு, என்ன பண்றது?" என்றார்.

அவள் அழவில்லை. நசுங்காத பழங்களைக் கூடையில் பொறுக்கிப் போட்டாள். "நீ எதுக்கு சாமி வாயத் தொறந்தே? உன்னையுமில்ல கெடுத்துப்புட்டானுங்க" என்றாள். காதில் துணியை அழுத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் படத்த நான் பாக்கல. அதுல நான் அந்தக் குழந்தைய என்ன பண்றேன்?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அதற்கப்புறம் பல காலம் சந்தையில் அவளைத் தேடினேன். மலையிலிருந்து ஆண்கள் வந்தார்கள். அவள் வரவே இல்லை.

ராசிபுரத்திலிருந்து தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதும் குறைந்துபோயிற்று. கடைசியில் எருமப்பட்டியில் மனைவியை இழந்த ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். அவர் நல்லவர்தான். ஆனாலும் கோபம் வந்தால் அவர் வாயிலும் "சினிமாக்காரி" என்ற சொல்தான் முதலில் வரும். சாகும்வரை அப்படித்தான்.

ஓர் உண்மையை, அதைக் கண்ணால் பார்த்த ஒருத்தி நாலு பேர் நடுவில் நின்று சொன்னால் நம்புவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது நடக்காது என்று அன்று தெரிந்துகொண்டேன், அதனால்தான் இன்றும் திரையில் ஒரு கூட்டத்தைக் காட்டி இவர்கள் இப்படித்தான் என்று சொல்லி எல்லாரும் கைதட்டும்போது, இந்தக் கைகள் நாளைக்கு யாரை அடிக்கப் போகின்றனவோ என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.