கெல்வின் ஆடாத இறுதிப் போட்டி

என் தங்கை லியானைக் கட்டியவன் கெல்வின் ஷுல்ட்ஸ். பக்கத்துப் பண்ணைக்காரர் மகன். மெல்பர்னில் ஒரு பெரிய கிளப்புக்குப் பதினோரு பருவம் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடினான், பந்தைக் கையாலும் பிடிக்கிற ஆட்டம். எங்கள் ஊர் பேக்கரியில் அவன் படம் இன்னும் மாட்டியிருக்கிறது.

அவன் ஆடியது பின்வரிசையில். வானத்தில் வரும் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓடுவான். எதிரே யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவே மாட்டான். பார்த்தால் பந்து போய்விடும் என்பான். எதிரணிக்காரன் முழு வேகத்தில் வந்து மோதுவான். ஆள் தரையில் கிடந்தாலும் பந்து கையில் இருக்கும். மைதானமே எழுந்து நின்று கத்தும். அந்தத் துணிச்சலுக்காகத்தான் கிளப் அவனை வைத்திருந்தது, சம்பளமும் அதற்குத்தான்.

ஏழாவது பருவத்தில் ஒரு சனிக்கிழமை, இடைவேளைக்குச் சற்று முன்பு ஒருவனுடைய முழங்கால் இவன் காதோரத்தில் இறங்கியது. எழுந்தான், தலையை உதறினான், மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்தான். அன்றைக்குச் சிறந்த ஆட்டக்காரன் என்று அவன் பெயரைத்தான் சொன்னார்கள். காரில் ஏறியதும் லியானிடம், "நாம ஜெயிச்சமா?" என்று கேட்டிருக்கிறான்.

மறுநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மூவரும் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தோம். இரண்டாம் பாதியில் ஒரு காட்சி கூட அவனுக்கு நினைவில்லை. "இந்தாளு நல்லா ஆடுறான்ல மச்சான்?" என்று தன்னையே காட்டிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. லியான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு திங்கட்கிழமைகளில் அந்த வீட்டில் திரைச்சீலை திறக்காது. வெளிச்சம் ஆகாது அவனுக்கு. குழந்தை அழுதால் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வான். பால் டப்பாவைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவான்.

அடிபட்டவர்களைச் சோதிக்கக் கிளப் டாக்டர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். பருவம் தொடங்குமுன், நல்ல நிலையில் இருக்கும்போது, ஒவ்வொரு அடையாளத்துக்கும் உரிய எண்ணை வேகமாக எழுதிக் காட்ட வேண்டும். அடிபட்ட பின் அதே பரீட்சை. முதல் தடவையைவிட வேகம் குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அவனுடைய கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில், சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றி என்னிடம் சொன்னான்.

"மொதல் தடவையே வேணும்னு மந்தமா எழுதி வெச்சிட்டேன் மச்சான். இனிமே எவன் வந்து இடிச்சாலும் நான் பாஸ்தான்."

"டாக்டருக்குத் தெரியாதா?"

"பாதி டீமு இதத்தான் பண்ணுது."

லியான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

அந்த வருடம் கிளப் இறுதிப் போட்டிக்கு வந்தது. பல வருடங்களாக வாங்காத கோப்பை. அரையிறுதியில் கெல்வினுக்கு மறுபடியும் அடி. வாரத்தின் நடுவில் பரீட்சை எழுதினான், பாஸானான். அன்று மாலை ரொட்டி வாங்கப் போனவன் திரும்பவில்லை. லியான் தேடிப் போனாள். அவர்கள் தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன கெல்?"

"எந்தப் பக்கம் திரும்பணும்னு யோசிக்கிறேன்."

அவனை வீட்டில் விட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போனாள். பரீட்சையில் செய்த தில்லுமுல்லு, தெருமுனை, பால் டப்பா, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர், "இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்றார்.

"நீங்க ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றாள் லியான்.

கெல்வினை ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். கோச் அவளைப் போனில் கூப்பிட்டு, "மூணு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள்.

அணி ஜெயித்தது. அன்று ஆடியவர்களுக்கு மட்டும்தான் மெடல். கெல்வின் கோட்டு சூட்டோடு மேலே உட்கார்ந்து பார்த்தான். பிறகு உடைமாற்றும் அறைக்குப் போய் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தான். வீட்டுக்கு வந்து லியானோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஊரிலும் சிலர், புருஷன் மெடலைப் பறித்தவள் என்று மதுக்கடையில் பேசினார்கள். என் காதில் விழும்படியாகவே பேசினார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில்தான் விருந்து. கெல்வின் பன்றித்தொடையை அரிந்துகொண்டிருந்தான். தலை நிமிராமல் பேசினான்.

"நேத்து அந்த மேட்ச மறுபடி போட்டுப் பாத்தேன். என் எடத்துல ஆடுனவன் மேல ரெண்டு பேரு ஒண்ணா விழுந்தாங்க. அவன் வர்றதப் பாத்துட்டான், ஒதுங்கிட்டான்."

"ம்" என்றாள் லியான்.

"நான் பாத்திருக்க மாட்டேன்."

"மாட்ட."

முதல் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அடுத்த மாதம் ஆட்டத்தை விட்டுவிட்டதாக அறிவித்தான். குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டான்.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டான். அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கில் வேலை. காலையில் தெளிவாக இருப்பான். மதியத்துக்கு மேல் பெயர்கள் கலையத் தொடங்கும், கோபம் வரும். என்ன நோய் என்று உயிரோடிருக்கும்போது உறுதியாகச் சொல்ல முடியாதாம். செத்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். "அப்ப எனக்கெதுக்கு அது?" என்றான் என்னிடம், பழைய டிராக்டரை விற்பவன் போல.

லியான் தப்பான நேரத்தில் சொன்னாளா, சரியான நேரத்தில் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "இன்னும் முன்னாடியே சொல்லியிருக்கணும். எவ்வளவு முன்னாடினுதான் தெரியல" என்றாள்.

சனிக்கிழமைகளில் ஊர் மைதானத்துக்கு இருவரும் வருகிறார்கள். கோல் விழுந்தால் சுற்றி நிற்கும் கார்கள் எல்லாம் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது என்பதால் தள்ளி, மரங்களுக்குக் கீழே தங்கள் காரை நிறுத்துவார்கள். பழைய ஆட்கள் கைகுலுக்க நடந்து வருவார்கள். அவர்கள் நெருங்குமுன்பே லியான் முன்பக்கம் பார்த்தபடி மெல்லச் சொல்வாள்: "நீலத் தொப்பி, மர்ரே. போன மாசம் பொண்டாட்டி தவறிட்டா."

கெல்வின் கார்க் கண்ணாடியை இறக்குவான். "வா மர்ரே" என்பான். "கேள்விப்பட்டேன்பா. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."