கழுத்து திரும்பாத கண்டக்டர்

பஸ் கண்டக்டருக்குக் கால்தான் நோகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு நொந்தது கழுத்து. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புகிறவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பைமேல் போட்ட பழி

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தனியார் பஸ்ஸில் இருந்தேன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் கம்பி. விசிலுக்குக் கை ஏது? அதைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொள்வேன். பேசும்போதுகூட ஓரமாக ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவேன். காதுக்குக் கீழே தொடங்கும் வலி தோள்வரை இறங்கும். தோல்பைதான் காரணம் என்று அதைத் தோள் மாற்றி மாற்றி மாட்டினேன். தைலம் தேய்த்தேன், சுளுக்கு எடுத்தேன். பழவேற்காட்டு மீன்கார அம்மா ஒருத்தி இறங்கும்போது என்னை நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா நைனா, கூடை என் தலை மேல கீது, நீ எதுக்குக் கழுத்த சாய்ச்சிக்கினு நிக்கிற?"

ஏகாம்பரத்தின் நாள்

அதே பஸ்ஸில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறவன் ஏகாம்பரம், என்னைவிடப் பத்து வயது இளையவன். அதே பை, அதே கூட்டம். அவன் கழுத்து மட்டும் நன்றாகத் திரும்பியது. என் நாளில் ஏறுகிறவர்கள் "ஏகாம்பரம் இல்லியா?" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஏதோ மருந்தை ரகசியமாகச் சாப்பிடுகிறான் என்று சந்தேகப்பட்டு, ஓய்வு நாளில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். ஒருவர் அவனுக்கு வேர்க்கடலை கொடுத்தார். ஒரு பெண் குழந்தையை அவனிடம் நீட்டிவிட்டு ஏறினாள். அதையெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டேன். அவனுடைய விசில் கழுத்துக் கயிற்றில் தொங்கியதையும் பார்த்தேன். அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. இறங்கும்போது அவன் சிரித்தான்:

"லீவு நாள்லயும் இதே பஸ்ல சுத்திக்கினு கீறியே அண்ணே, ஊட்ல அண்ணியோட சண்டையா?"

செக்கர் வேலை

எங்களில் ஒருவரை டிக்கெட் சோதிக்கும் செக்கராக்கப் போவதாக முதலாளி சொன்னார். செக்கருக்குப் பையும் கிடையாது, விசிலும் கிடையாது. அது கிடைத்தால் என் கழுத்து பிழைக்கும் என்று நம்பினேன். அந்த வாரமே தாடை பிடித்துக்கொண்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. "கவரப்பேட்டை" என்று நான் முனகியது, விதைநெல் மூட்டையோடு தூங்கிய பெரியவருக்குக் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் விழித்தவர் மறுநாளே போய்ப் புகார் சொன்னார். முதலாளி ஏகாம்பரத்தைச் செக்கராக்கிவிட்டு என்னைக் கேட்டார்:

"ஸ்டாப் பேரு சொல்லவே வாய் தொறக்கல, தப்பு பண்றவன நீ எப்படிப்பா கேப்ப?"

டாக்டரும் செக்கரும்

திருவள்ளூர் டாக்டர் என் காதோரம் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். பிறகு விசிலை வாங்கி, அதில் பதிந்திருந்த பல் தடத்தைக் காட்டினார். "சாப்பிடும்போது தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக்கூடாது" என்றார். வெந்நீர் ஒத்தடமும் குழைந்த சோறும் சொன்னார். விசிலைக் கைக்கு மாற்றிய இரண்டு வாரத்தில் தலை இருபக்கமும் திரும்பியது.

அப்போதுதான் பெரியபாளையத்தில் ஏகாம்பரம் செக்கராக ஏறினான். புதுச் சட்டை. ஆளுக்கு ஆள் அவனுக்கு வணக்கம். என் டிக்கெட்டுகளில் ஒரு தப்பும் இல்லை. இருந்தும் கழுத்து பழையபடி இழுத்தது. விசில் கையில்தான் இருந்தது. இத்தனை நாள் எதைக் கடித்துக்கொண்டிருந்தேன்? அவன் இறங்கும் முன் என் தோளில் கை வைத்து மெல்லச் சொன்னான்:

"அண்ணே, நான் ஏறினதுலேர்ந்து பல்ல கடிச்சிக்கினு கீற. ரொம்ப வலிக்குதா?"

விசிலைப் பல்லிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. ஏகாம்பரத்தை எடுக்க அதற்குப் பிறகு ஓடிய ஏழு வருஷமும் போதவில்லை.