அண்ணன் என்னிடம் தந்த விமான எஞ்சின்

அந்த எஞ்சினை அண்ணன் ஏன் என்னிடம் கொடுத்தார்? வீட்டில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். அண்ணியிடமே வைத்திருக்கலாம், நண்பர்களிடம் கொடுத்திருக்கலாம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அண்ணன் குன்னத்தூரில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு வயது பத்தொன்பது, எனக்கு ஒன்பது. பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டு, வீரபாண்டியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். நான் பி.காம். முடித்தது அவர் உழைப்பில்தான். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது, கோவையில் பழைய சாமான் கடையில் கிடைத்த, உள்ளங்கையில் அடங்கும் பொம்மை விமான எஞ்சின் ஒன்றே. ஞாயிறுகளில் மங்கலம் பக்கத்தில் பயிர் இல்லாத ஒரு வெற்றுக் காட்டில் விமானம் விடுவார். எஞ்சினைக் கிளப்புமுன் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். "கோட்டத் தாண்டுனா காதத் திருகிப்போடுவேன் கண்ணு" என்பார்.

என் திருமணத்தின்போது எஞ்சினைப் பெட்டியில் வைத்து என்னிடம் தந்தார். "எண்ணெ உட்டிருக்கறேன். தொடைக்காம அப்படியே வெச்சிரு" என்றார். நான் அப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு எண்ணெய்க் கறை தெரிந்தாலும் பீஸை ஒதுக்கிப் பழகிய கை. வெள்ளைத் துணி அடுக்கிய அலமாரியில் எண்ணெய் வடியும் பொருளை வைக்க மனம் வரவில்லை. கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துணியான பனியன் வேஸ்ட்டால் பளபளவென்று துடைத்து, அதிலேயே சுற்றி வைத்தேன். பிறகு ஏழு ஆண்டுகள் திறக்கவே இல்லை.

கடைசி நாட்களில், பேசவே சிரமப்பட்ட நேரத்தில் அண்ணன் கேட்டார்: "எஞ்சின் நல்லா இருக்குதா கண்ணு?"

"நல்லா இருக்குதுங்ணா."

பார்க்காமலே சொன்னேன். அதன்பின் நான்கு நாட்கள்தான் இருந்தார்.

காரியங்கள் முடிந்து பெட்டியைத் திறந்தபோது எஞ்சினின் விசிறி அசையவில்லை. அண்ணனிடம் கடைசியாகப் பொய் சொல்லிவிட்டேனே என்று பல மாதங்கள் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று அண்ணி கேட்டுத் தெரிந்துகொண்டார். அண்ணனோடு அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டிப் பழகிய நண்பரும் அயர்னிங் யூனிட் நடத்துபவருமான காதர் பாயிடம் என்னை அழைத்துப் போனார். போகும்போது நான் பையில் இடுக்கியும் எடுத்துக்கொண்டேன்.

"ஏந் தங்கச்சி, எஞ்சினுக்குப் பல்லுப் புடுங்கவா வந்தே? அத மொதல்ல உள்ள வெய்யி" என்றார் பாய். துணி தேய்க்கும் ஸ்டீம் அயர்னை எஞ்சினருகே பிடித்து நீராவி விட்டார். சிறிது நேரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் போல ஏதோ கசிந்தது. கட்டைவிரலால் விசிறியைத் தள்ளினார். கால் சுற்று நகர்ந்தது. பிறகு அரைச் சுற்று.

"நாந்தானுங்க பாய் தொடச்சுக் கெடுத்துட்டேன்."

"நீ தொடச்சது மேலால. உள்ள உங்கண்ணன் உட்ட வெளக்கெண்ணெ அப்படியே இருக்குது. அதுதான் எறுகிப் புடிச்சிருக்குது. அது இருந்ததாலதான் துருவும் ஏறல. போதுமா?"

நீராவியின் ஈரம் தங்காதபடி உடனே மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டார். என் பனியன் வேஸ்ட்டின் நூல் பிசிறு மட்டும் எரிபொருள் வரும் துளையில் சிக்கியிருந்தது. ஊசியால் எடுத்தார். கோவையிலிருந்து எரிபொருளும் புது பிளக்கும் வரவழைத்து, அடுத்த வாரம் அண்ணி வீட்டு வாசலில், அண்ணன் முன்பு ஓட்டிப் பார்க்கும் இடத்திலேயே, எஞ்சினை மரப் பலகையில் இறுக்கி ஓட்டினார். மூன்று முறை இருமிவிட்டு ஒரே சத்தமாக அலறியது. என் நான்கு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். "இனி பக்கத்தூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, பழையபடி" என்றார் அண்ணி. நல்லா இருக்குதுங்ணா என்று நான் மனதுக்குள் மறுபடி சொன்னேன். இம்முறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

காதர் பாய்க்கும், மருத்துவமனையில் மாறி மாறி அண்ணன் அருகில் இருந்த கம்பெனித் தோழர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். எஞ்சினுக்கேற்ற புது விமானம் தயாராகிறது. மகள் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்கிறாள். ஞாயிறும் அயர்னிங் வேலை பார்த்த காதர் பாய் அண்ணன் விமானம் விட்டதைப் பார்த்ததில்லை. எனக்கோ அப்போது சின்னக் கால்கள், தூரம் நினைவில் நிற்கவில்லை. அண்ணனோடு அந்தக் காட்டில் நின்றவர்கள் யாராவது சொல்லுங்கள்: எஞ்சினிலிருந்து எத்தனை அடி தள்ளி அவர் அந்தக் கோட்டைக் கிழிப்பார்?