கையை எறக்குங்கலே

மாயகிருஷ்ணன் செத்துப்போன புரட்டாசி மாதம் அவனுடைய படம் ஊரூராகப் போனில் சுற்றியது. எதிலும் அவன் முகம் இல்லை. இருந்தது ஓர் அரக்கனின் முகம். கிழிந்த வாய், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்பு பல்புகள். சேற்றிலிருந்து எழுந்து நின்று வலது கையைத் தூக்கி ஆட்டும். ‘டாட்டா அரக்கன் நிஜமாவே டாட்டா காட்டிட்டார்’ என்று எவனோ கீழே எழுதியிருந்தான். பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள்.

எனக்கும் வந்தது. பார்த்துவிட்டுப் போனை உள்ளே வைத்தேன். அந்தக் கை எதற்காக ஆடியது என்று நேரில் பார்த்துத் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தன். முப்பத்தாறு வருஷமாக வாயைத் திறக்காதவன்.

எங்கள் ஊர் இடைசெவலுக்கு மேற்கே, பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர். 1988 ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து இரண்டு வேன்களில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். படத்தின் பெயர் ‘ரத்தம் கேட்ட அரக்கன்’. அரக்கன் வேஷம் கட்ட வேண்டிய ஸ்டண்ட் ஆளுக்குக் காய்ச்சல். டைரக்டர் கண்மாய்க் கரையில் ஆடு பத்திக்கொண்டு போன மாயகிருஷ்ணனைப் பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரம், இருபத்து மூன்று வயசு, முழங்கால் சேற்றிலும் தடுமாறாத நடை. “நீ நடிக்க வேண்டாம்பா. நடந்தா போதும்” என்றார்.

வேஷம் என்றால், கறுப்புச் சாயம் போட்ட சணல் நாரைச் சாக்கில் வைத்துத் தைத்தது. முகமூடியை மாட்டிவிட்டுப் பிடரியில் கோணி ஊசியால் தைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவனால் தானாகக் கழற்ற முடியாது. கண் பல்புகள் எரிவதற்கு முதுகில் ஒரு பைக் பேட்டரியைக் கட்டியிருந்தார்கள். அதற்கு மூடி சரியாக இல்லை என்று லைட்காரர் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். “ரெண்டு ஷாட்தானேய்யா” என்று டைரக்டர் அவரை அடக்கினார்.

அன்றைக்குக் கதாநாயகன் அரக்கனை மிதித்துக் கண்மாய்க்குள் தள்ளுகிற காட்சி. நாங்கள் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கிற கூட்டமாகவும் நின்றோம், படத்தில் வருகிற கூட்டமாகவும் நின்றோம். மழை விட்டு ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. கரிசல் மண் காலை விடாது. மாயகிருஷ்ணன் தலைகுப்புறச் சரிந்து போனான். பேட்டரி கவிழ்ந்தது. அதிலிருந்த ஆசிட் பிடரி வழியாக முகமூடிக்குள் இறங்கியது.

எழுந்தான். கண் தெரியவில்லை. வாய்க்கு முன்னால் மூன்று மடிப்பு சாக்கு, கத்தினால் வெளியே கேட்காது. கையைத் தூக்கி ஆட்டினான். வாங்கடா, எவனாவது வாங்கடா என்று ஆட்டினான்.

“சூப்பர்! அப்படியே பண்ணு, நிறுத்தாத!” என்று டைரக்டர் மைக்கில் கத்தினார். கேமரா ஓடியது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். நடிப்பில் இவ்வளவு கெட்டிக்காரனா நம்ம பயல் என்று பெருமையாகத் தட்டினேன்.

அவன் முகமூடியைப் பிய்க்க ஆரம்பித்த பிறகுதான் லைட்காரர் கத்திக்கொண்டு ஓடினார். தையலை அறுத்து எடுத்தபோது இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்மாய்ச் சேற்றுத் தண்ணியால்தான் கழுவினோம். வேனைக் கேட்டோம். கதாநாயகி கோவில்பட்டி லாட்ஜுக்குப் போயிருக்கிறார், வேன் வர நேரமாகும் என்றார்கள். இன்னொரு வேன் நின்றது. அதில் கேமரா சாமான் இருக்கிறதாம், ஆளை ஏற்ற முடியாதாம். டிராக்டரில் போட்டுக் கொண்டுபோனோம். ஒரு கண் போய்விட்டது.

மறுநாளே அந்த வேஷத்தை அலசிக் காயப்போட்டு வேறொருத்தனுக்கு மாட்டி மிச்சத்தை எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஊரைவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் படம் கோவில்பட்டிக்கு வந்து நாலு நாள் ஓடியது. முதல் நாள் மாட்னிக்கு நானும் மாயகிருஷ்ணனும் சைக்கிளில் போனோம். அந்தக் காட்சி வந்தது. திரையில் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். மாயகிருஷ்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். பின்னாலேயே போனேன். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

“வெட்டாம வச்சிருக்கானுவலே தங்கசாமி” என்றான். “அவனுவளுக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் வச்சிருக்கானுவ.”

நான் சைக்கிளை எடுத்தேன். அதற்குப் பிறகு என்னிடம் அவன் அந்தப் பேச்சை எடுத்ததே கிடையாது.

அவனுக்குக் கிருஷ்ணவேணியைக் கட்டிவைத்தார்கள். கண்ணைப் பார்த்துத் தயங்கிய வீட்டாரிடம், “ஆடு மேய்க்க ஒரு கண்ணு போதும்” என்று சொல்லி வந்தவள் அவள். ஒரே மகள் பானு. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கப் போகிறாள். மாயகிருஷ்ணன் நாற்பது ஆட்டை வைத்துக்கொண்டு, மக்காச்சோளம் அறுத்த காடுகளில் மேய்த்தான். கோபக்காரன் என்று ஊரில் பெயர். இடது பக்கமாக யாரும் அரவமில்லாமல் வந்து நிற்கக் கூடாது, கம்பு சுழலும். ஆனால் பிறத்தியான் வெள்ளாமையில் ஒரு நாளும் அவன் ஆடு வாய் வைத்ததில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எவனோ அந்தப் படத்தைத் தோண்டி எடுத்து யூடியூபில் போட்டான். மோசமான படம் என்பதற்காகவே அதை ரசித்துப் பார்க்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. சேற்றில் விழுந்த அரக்கன் எதற்கு டாட்டா காட்டுகிறான் என்று சிரித்தார்கள். கல்யாணத்தில் பெண் புறப்படுகிறாளா, பள்ளிக்கூடம் முடிகிறதா, வேலையை விட்டு நிற்கிறானா, எல்லாவற்றுக்கும் போனில் அந்தக் கையைத்தான் அனுப்பினார்கள். அரக்கன் எங்கள் ஊர் ஆள் என்பதும் தெரிந்துபோனது. கல்லூரிக்குப் போகிற பயல்கள் ரோட்டில் அவனைப் பார்த்தால் பைக்கிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் அப்படிக் கையாட்டியவனின் பைக் லைட்டைக் கம்பால் அடித்து நொறுக்கிவிட்டான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

“கை காட்டுனதுக்கா அடிச்சீரு?” என்று ஏட்டு கேட்டார்.

“ஆமா” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏட்டு சிரித்தார். இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். போன புரட்டாசியில் ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்த மாயகிருஷ்ணன் எழுந்திரிக்கவில்லை.

கார்த்திகையில் கோவில்பட்டியிலிருந்து செண்பகராஜ் என்ற பையன் கிருஷ்ணவேணியைத் தேடி வந்தான். இருபத்தேழு வயசு இருக்கும். ‘டப்பாப் படக் கொட்டகை’ என்று யூடியூபில் சேனல் நடத்துகிறானாம். “இந்த வருஷம் அந்தப் படத்துல வேலை பாத்தவங்க மூணு பேரு இறந்துட்டாங்கம்மா. டைரக்டரு, கதாநாயகி, உங்க வீட்டுக்காரரு. மூணு பேருக்கும் அஞ்சலிக் கூட்டம் வைக்கோம். நீங்க அவசியம் வரணும்” என்றான்.

முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் படத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு மரியாதையாக வாசலில் வந்து நின்றவன் அவன் ஒருத்தன்தான். அவள் ஒத்துக்கொண்டாள். “அண்ணாச்சி, நீங்களும் வாங்க. எனக்கு அங்கன யாரையும் தெரியாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. கோவில்பட்டியில் ஒரு கடைக்கு மேலே சின்ன ஹால். ஐம்பது பேர் போல இருந்தார்கள். எல்லாம் இளவட்டம். பாதிப் பேர் போட்டிருந்த டீ-ஷர்ட்டில் சேற்றிலிருந்து எழும்பும் கை அச்சடித்திருந்தது. மேடையில் மாலை போட்ட மூன்று போட்டோ. டைரக்டருக்கும் கதாநாயகிக்கும் நடுவில், ரேஷன் கார்டுக்காக எடுத்த மாயகிருஷ்ணன். பானு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கேற்றினார்கள். செண்பகராஜ் மைக் பிடித்தான். டைரக்டரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான். கையில் ஒன்றுமே இல்லாமல் எப்படிப் படம் எடுத்தார், எப்படி அந்தந்த நேரத்தில் யோசித்துச் செய்தார் என்று பேசினான். “அந்த டாட்டா ஷாட் ஸ்கிரிப்ட்லயே கெடையாது! அந்த எடத்துல டைரக்டர் யோசிச்சுப் பண்ணது!” என்றான். விசில் பறந்தது. திரையில் அந்தக் காட்சி ஓடியது. சேற்றிலிருந்து அவன் எழுந்தான்.

“எல்லாரும் எந்திரிங்க. போனவங்க மூணு பேருக்கும் அவங்க ஸ்டைல்லயே டாட்டா காட்டி வழியனுப்புவோம்!”

ஐம்பது கைகள் மேலே போயின. ஆடின. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு.

“கையை எறக்குங்கலே!”

மைக் இல்லாமலேயே அந்தச் சத்தம் ஹாலின் கடைசி வரைக்கும் போனது. கிருஷ்ணவேணி எழுந்து நின்றிருந்தாள். ஆட்டைப் பத்தித் திருப்புகிற குரல். முன்னால் நின்றவர்கள் கையை இறக்கினார்கள். பின்னால் ரெண்டு மூன்று பேர் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எறக்குங்கன்னேன்லா! என்னலே சிரிப்பு? அது டாட்டாவாலே? முதுகுல கட்டுன பேட்டரி கவுந்து ஆசிட்டு கண்ணுக்குள்ள எறங்குது. மூஞ்சியைத் தச்சு வச்சிருக்கான். கத்துனாலும் கேக்கல, கண்ணும் தெரியல. காப்பாத்துங்கன்னு கூப்பிடுதாவ. அதைப் பாத்து ஒங்க டைரக்டரு இன்னும் ஆட்டு, இன்னும் ஆட்டுன்னு படம் பிடிச்சிருக்கான். அவன் யோசிச்சானாம்லா? அவன் யோசிச்சது அதைத்தான். கண்ணு போயி ஒரு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தாவ. ஒரு நாய் வந்து பாக்கல!”

திரையில் மட்டும் கை ஆடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நான் பாக்கலலே, அவிய சொல்லித்தான் தெரியும். எனக்கு அப்பம் அவியளைத் தெரியாது. இந்தா உக்காந்திருக்காவல்லா, இவிய பாத்தவிய. கேளுங்க. சொல்லுங்க அண்ணாச்சி. பாத்துட்டு என்ன செஞ்சீய?”

எழுந்தேன். “கைதட்டினேன்” என்றேன்.

“கேட்டீயளாலே?”

அவள் மேடை ஏறினாள். நடுவில் இருந்த போட்டோவை எடுத்தாள். மாலையைக் கழற்றி அங்கேயே போட்டாள். “இந்த ஆளு பக்கத்துல எங்க வீட்டுக்காரவிய இருக்க வேண்டாம்” என்று சொல்லி, போட்டோவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பானு அழுதுகொண்டே பின்னால் போனாள். கிருஷ்ணவேணி அழவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரைக்கும் என்னிடம் பேசவும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே அவள் கத்தியது வீடியோவாக வந்துவிட்டது. ‘டாட்டா அரக்கன் பொண்டாட்டி ஆவேசம்’ என்று தலைப்பு. ஹாலில் இருந்த எவனோ எடுத்திருக்கிறான். “கையை எறக்குங்கலே” என்பதை மட்டும் வெட்டி, மேளம் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டான் இன்னொருத்தன். அழுகிற மூஞ்சி போட்டவர்கள் கொஞ்சம் பேர். சிரிக்கிற மூஞ்சிதான் அதிகம். பானு கூட வேலை பார்க்கிறவர்கள் அவளிடமே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவள் ரெண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

செண்பகராஜ் தன் சேனலில் இருந்த அந்தக் காட்சியை எடுத்துவிட்டான். மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டான். அதை முந்நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் போட்டதை அவன் எப்படி எடுப்பான்? நாலு பேருக்கு எழுதினானாம். ‘காமெடியைக் காமெடியாப் பாரு ப்ரோ’ என்று ஒருவன் பதில் போட்டானாம்.

தை பிறந்து செண்பகராஜ் மறுபடியும் வந்தான். கேமராவும் கையுமாக. நடந்ததை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டான். என்னைக் கூப்பிட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். அவள் ஆட்டுக்கிடையில் குட்டிகள் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

“அந்தப் பொட்டியை உள்ள வையி. என் மூஞ்சி ஒருக்க ஓடுனது போதும்.”

“சரிம்மா. எழுதிக்கிடுதேன். நீங்க சொல்லுங்க.”

“அண்ணாச்சி பாத்தவிய. அவிய சொல்லட்டும். ஒண்ணு விடாம.”

வெயிலில் நின்றபடியே நான் சொன்னேன். மூடியில்லாத பேட்டரியைச் சொன்னேன். நின்ற வேனைச் சொன்னேன். என் கைதட்டலையும் சொன்னேன். ஸ்டேஷனில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை அவள் மன்னித்ததாக நான் நினைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

செண்பகராஜ் எழுதி முடித்துவிட்டு, “மேல ‘நடிகர் மாயகிருஷ்ணன்’னு போடவாம்மா?” என்று கேட்டான்.

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“நடிகரா? அவிய ஒரு நாளும் நடிக்கலலே. ஆடு மேய்ச்சவிய. அப்படியே போடு. நடிகர்னு ஒரு எழுத்து இருந்துச்சு, கோவில்பட்டிக்கு வந்து ஒன் வீட்டு முன்னால நின்னு கத்துவேன்.”

அவன் அவள் சொன்னபடியே மேலே எழுதினான். அவள் வாங்கி மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பானு வாசித்து முடித்ததும், கிருஷ்ணவேணி மிச்சக் குழையை எடுத்துக்கொண்டு அடுத்த கிடைக்குப் போனாள்.