வளைவில் பிரித்த பொட்டலம்

சுட்ட எண்ணெயும் வினிகரும் கலந்து, செய்தித்தாள் பொட்டலத்தைத் தாண்டி வரும் அந்த வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு இன்றும் முதலில் பசிக்கிறது. பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கள் ஊரான கவுஞ்சியிலிருந்து கோசும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு தினமும் கொடைக்கானலுக்கு வேன் ஓட்டிய என் அப்பா, ஏரிப் பக்கம் இருந்த ஒரு ‘பாஸ்ட்புட்’ கடைக்கும் கோசு மூட்டை இறக்குவார். மதியம் அங்கேயே பிரைடு ரைஸ், கிளம்பும்போது சில்லி சிக்கன், வீட்டிலிருக்கும் எனக்கு ஒரு பொட்டலம் என்று வருடக்கணக்காக ஓடியது. எனக்குப் பத்து வயதானபோது, செருப்பு கடித்து அவர் காலில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் ‘பிரசரும்’ சேர்ந்தே இருப்பதாகச் சொல்லி, கடைச் சாப்பாட்டை அடியோடு விடச் சொன்னார்கள். மறுநாளே அம்மா தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். பொட்டலம் வராத கோபத்தில் நான் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஐந்தாறு நாள் பொறுத்தவர், ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் மலைப்பாதையில் ஆளில்லாத ஒரு வளைவில் நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

“சீனிதான் ஆகாது பாப்பா, இதுல எங்க சீனி கெடக்கு? அம்மாட்ட மட்டும் சொல்லிறாத.”

பாதி அவருக்கு, பாதி எனக்கு. அதன்பின் அநேகமாக எல்லா நாளும் அப்படித்தான். அம்மாவோ சோற்றைக் குறைத்தாள், உருளைக்கிழங்கை நிறுத்தினாள், தாளிக்கும் எண்ணெயைக்கூடக் கரண்டியில் அளந்து விட்டாள். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. வீட்டில் அப்படி என்னதான் சமைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அவள் தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை, அப்பாவும் திறக்கவில்லை.

முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. கடைசியில் சிறுநீரகம் கைவிட்டு, உடம்பெல்லாம் நீர் கோத்து, நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா போனார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, “நாந்தேன் என்னமோ தப்பா ஆக்கிப் போட்டுட்டேன்” என்றாள். பதினைந்து வருடம் அதையே சொன்னாள்.

வேனை எப்போதோ விற்றாயிற்று. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் நிற்கிறது. போன மாதம், பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

“அப்ப நீயும்ல தின்னுருக்க” என்றாள். “நாளைக்கு வெள்ளனே வெறும் வயித்தோட போயி ரத்தம் குடுத்துட்டு வா.”

போனேன். சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அம்மா தன் சமையலைக் குறைசொல்வதில்லை. அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.