சூயஸ் மூடிய ஆண்டின் ஊவாத் தேயிலை

1967 ஜூன் மாதத்து என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. பெரகல கடை ரேடியோவில் கேட்டேன். இந்த முறை சீக்கிரம் திறக்காது.’ 1956இல் மூடியதை அடுத்த ஆண்டே திறந்துவிட்டார்கள். இம்முறை இரண்டு கரையிலும் எதிரெதிர்ப் படைகள் நின்றன. அதை வைத்துத்தான் எழுதினேன்.

அப்போது நான் அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைத்துத் தூளாக்கும் எங்கள் டீமேக்கர் தற்காலிகமாக வந்தவர். பருவத் தேயிலை நன்றாக அமைந்தால் நிரந்தரமாக்குவதாகத் தோட்ட நிர்வாகியான துரை சொல்லியிருந்தார். ஆகஸ்டில் காய்ந்த கச்சான் காற்று வீசும் சில வாரங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் ஏறும். அது வழக்கமாக நேரே லண்டன் ஏலத்துக்குப் போகும்.

“அண்ணே, கால்வாய் தொறக்குமா?” என்று டீமேக்கர் கேட்டார்.

“தொறக்காது. கப்பல் ஆப்பிரிக்காவச் சுத்தித்தான் போகணும்.”

“அம்புட்டு நாள் கடல் ஈரத்துல கெடந்தா தூள் பூத்துப்போயிருமே! சூட்டக் கொஞ்சம் கூட்டிர்றேன். கவுந்துச்சுன்னா ஒங்க வீட்லதான் எனக்குச் சோறு.”

“சோறு இருக்கு. நீங்க அடுப்பப் பாருங்க.”

செப்டம்பரில் தரகரின் கடிதம் வந்தது: சூடு அதிகம், மணம் போய்விட்டது. கடிதம் வந்தது லண்டனிலிருந்து அல்ல, கொழும்பிலிருந்து. கால்வாய் மூடியதால் கப்பல் கூலி ஏறிவிட்டது. அந்தப் பருவத்தைக் கொழும்பு ஏலத்திலேயே விற்கும்படி கம்பெனி எழுதியிருந்ததாகத் துரை அப்போதுதான் சொன்னார். கப்பல் எந்த வழியாகப் போகும் என்று யோசித்த நான், பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுவார்களா என்று யோசிக்கவில்லை.

டீமேக்கருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பசறைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகுமுன் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

“கால்வாய் இன்னும் தொறக்கலியே அண்ணே. நீங்க சொன்னது சரிதான்” என்று சிரித்தார். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

1975இல் கால்வாய் திறந்தது. அதையும் குறித்து வைத்தேன்.

அந்தப் பெட்டிகளை வாங்கியவர் பிறகு அவற்றை ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டனுக்கே அனுப்பினார் என்றும், வழியில் ஈரம் பிடித்த மற்றத் தேயிலைகளுக்கிடையே எங்கள் தேயிலை மட்டும் கெடாமல் போய்ச் சேர்ந்தது என்றும் ஒரு தரகுக் கடைக்காரர் சொல்லிக் கேட்டேன். பெட்டி எண்கள் என்னிடம் உள்ளன. கப்பல் பதிவு கிடைக்கவில்லை. ஆகவே இது உறுதிசெய்யப்படாத செய்தி. டீமேக்கருக்கு நான் இன்னும் எழுதவில்லை.