படம் எடுத்து அனுப்பும் கூரியர்

கிள்ளானில் கௌசலாவின் அடுக்குமாடி வீட்டு முன்னறை பாதி கடை. சிறுமிகளுக்குப் பாவாடை சட்டை தைத்து இணையத்தில் விற்கிறாள். எது எதில் போக வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. செமினி, டெங்கில் மாதிரி கிட்டத்து ஊர் என்றால் வாசலுக்கே வந்து எடுத்துப்போகும் கூரியர். கடல் தாண்டிய சபா, சரவாக் என்றால் தபால் நிலையம். மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். ரவாங்குக்கு மட்டும் எல்லாவற்றையும்விட விலை கூடிய ஒன்று.

"ரவாங் கஸ்டமர் என்ன, பட்டம் வாங்கின டத்தோவாக்கா?" என்பாள் கூரியர் கடைக் கவுண்டரில் இருக்கும் ரசியா. "சாதாவுலயே போட்டுடலாம்லா."

"அந்தக் கஸ்டமர் ரொம்பக் கறார்மா" என்று கௌசலா சிரித்து மழுப்பிவிடுவாள்.

ரவாங்கில் இருப்பது அவள் மகள் வாணி. எட்டு வயது. மணமுறிவுக்குப் பின் அப்பா பாலனோடு போனவள். மாதம் இருமுறை பார்க்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. பாலனிடம் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது: காய்ச்சல், டியூஷன், "அவளுக்கே வர இஷ்டமில்ல, நான் என்ன செய்ய?" ஒரு வருடமாக மகளின் குரலும் இல்லை. துணிமணி அனுப்புவதை மட்டும் அவன் தடுக்கவில்லை.

விலை கூடிய அந்தக் கூரியரின் ஆட்கள், பெட்டியை வாங்குபவரையும் சேர்த்துப் படமெடுத்துச் செயலியில் போடுவார்கள். முகம் வராது, கழுத்துக்குக் கீழேதான். பெட்டியை வாங்க வாசலுக்கு வருவது வாணிதான்; கௌசலாவுக்கு அது போதும். எப்போதும் ஒரே அளவுப் பெட்டி, பதினான்கு அங்குல நீளம். படத்தைப் பெரிதாக்கி, அந்த நீளத்தை வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளப்பாள். மார்ச்சில் முக்கால் அங்குலம் கூடியிருந்தது. அடுத்த பாவாடையை இறக்கித் தைத்தாள். ஒருமுறை முழங்காலில் பிளாஸ்திரி. எங்கே விழுந்தாள், யார் கழுவிவிட்டார்கள் என்று இரண்டு நாள் தையல் ஓடவில்லை.

தீபாவளிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒன்று அனுப்பினாள். வந்த படத்தில் யாருமில்லை. பூட்டிய கேட்டு, அதன் முன் தரையில் பெட்டி. வெளியே போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் மறுபடி கொண்டுபோனபோது எடுத்த படத்திலும் அதே கேட்டு. கம்பியில் விளம்பரத் தாள்கள் எடுப்பாரின்றிச் செருகிக் கிடந்தன.

வியாழக்கிழமை ரசியா போனில் கூப்பிட, கௌசலா கவுண்டருக்குப் போனாள். பெட்டி திரும்பி வந்திருந்தது.

"வீடு மாறிட்டாங்களாம்க்கா. போன மாசமே லோரி வெச்சு சாமானெல்லாம் ஏத்திட்டாங்களாம், பக்கத்து வீட்டு ஆன்டி சொல்லியிருக்காங்க. புது அட்ரஸ் சொல்லுங்க, இப்பவே போட்டுடலாம்."

கௌசலா பாலனின் எண்ணை அழுத்தினாள். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு குரல் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே குரல்.

"கஸ்டமர் எடுக்கலையாக்கா?"

"கஸ்டமர் இல்லம்மா. என் மக."

ரசியா பேனாவைக் கீழே வைத்தாள். வரிசையில் பின்னால் நின்றவர், "அக்கா, முடிஞ்சதா?" என்றார். கௌசலா ஓரமாக விலகினாள். பெட்டியைத் தொடவில்லை.

"இது இங்கேயே இருக்கட்டும் ரசியா. அட்ரஸ் கெடைச்சதும் வரேன்."

ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ரசியா பெட்டியைத் தன் நாற்காலிக்கடியில் தள்ளி வைத்தாள்.